“துடக்கு இல்லைத்தானே அக்கா?” என்ற கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்வது?

மல்லாவிப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் சொன்னது இது. தம்பிக்கு 21 வயது, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். ஒன்றரை வருடமாகக் கிணற்றடியில் இரண்டு மணித்தியாலம் குளிக்கிறான். வீட்டில் யாருக்கும் மாதத் துடக்கு (மாதவிடாய்த் தீட்டு) என்று தெரிந்தால் அவர்கள் நடந்த இடத்தில் கால் வைக்கமாட்டான். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை “துடக்கு இல்லைத்தானே அக்கா?” என்று கேட்கிறான். இல்லை என்றால் சரி என்று போகிறான், ஐந்து நிமிடத்தில் திரும்பி வருகிறான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லோரும் வெளிக்கிட்டபோது வர மறுத்து அழுதிருக்கிறான். அம்மனைப் பற்றிக் கெட்ட கெட்ட எண்ணம் வருகிறதாம். அம்மா செய்வினை என்கிறார். மாமா, சண்டைக் காலத்தில் ஐந்து வயதில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) கிடந்த பயம் என்கிறார். அயலில் விசர் என்று கதைக்கிறார்கள். இது என்ன வருத்தம், குளிசை தொடங்கினால் சாகும்வரை குடிக்க வேண்டுமா, வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

நான் டொக்டர் இல்லை. வன்னியில் மனநல கிளினிக்குகளில் பதினைந்து வருடத்துக்கு மேல் உளவளத்துணையாளராக இருந்தவன். தம்பியை நேரில் பார்க்காமல் இதுதான் வருத்தம் என்று முத்திரை குத்தவும் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் போலக் கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். தங்கச்சி, உங்கள் கேள்வியில் நான் இரண்டு தரம் வாசித்த இடம், அவன் சரி என்று போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வருகிறான் என்று எழுதியிருந்த இடம். வருத்தம் முழுக்க அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருக்கிறது.

இதை ஓசிடி என்பார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். எங்கள் வீடுகளில் இதற்கு ஒரு பெயரும் கிடையாது. ‘சரியான யோசினை’, ‘அரியண்டம் பார்க்கிற ஆள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இரண்டு துண்டாக அதைப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, கேட்காமல் வந்து மண்டைக்குள் குந்திக்கொள்ளும் எண்ணம்: துடக்குப் பட்டிருக்குமோ, கதவு பூட்டவில்லையோ, குழந்தைக்கு நானே ஏதும் செய்துவிடுவேனோ. மற்றது, அந்த எண்ணம் தரும் பதகளிப்பை அடக்க ஆள் செய்யும் வேலை: கழுவுவது, திரும்பிப் போய்ப் பார்ப்பது, மனசுக்குள் எண்ணுவது, அக்காவிடம் கேட்பது. ஆம், கேட்பதும் கழுவுவதைப் போல ஒரு வேலைதான். உங்கள் வாயால் அவன் கை கழுவுகிறான்.

எண்ணம் வருவது நோயா என்றால், இல்லை. கிணற்றுக்கட்டில் நின்று எட்டிப் பார்க்கும்போது ‘இப்ப குதித்தால்?’ என்று ஒரு கணம் வந்ததில்லையா? கோயிலில் கற்பூரம் காட்டும் நேரம் பார்த்து ஒரு தூஷணம் மனசில் ஓடியதில்லையா? 1978 இல் லண்டனில் ஸ்டான்லி ரக்மன், பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் நோயில்லாத சாதாரண ஆட்களிடம் இதைக் கேட்டார்கள். பத்மல் டி சில்வா இலங்கையர். பத்தில் எட்டுப் பேர் அளவில் வரும் என்றார்கள். அவர்கள் சொன்ன எண்ணங்களும் நோயாளிகளின் எண்ணங்களும் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்களுக்கு வந்தால் ‘சீ, என்ன யோசினை’ என்று உதறிவிட்டுப் போகிறோம். ஓசிடி உள்ளவருக்கு அது ஒரு எச்சரிக்கை மணி. இப்படி நினைத்தேனே, அப்படியென்றால் நான் எப்படிப்பட்டவன், உடனே ஏதாவது செய்யவேண்டுமே என்று பதறுவார். ஏதாவது செய்வார். செய்தால் மனம் ஆறும். அந்த ஆறுதல்தான் பொறி. ‘கழுவியதால் தப்பினேன்’ என்று மூளை படித்துக்கொள்ளும். அடுத்த தடவை இன்னும் வேகமாகக் கழுவச் சொல்லும். ஒரு வாளி போதாமல் பத்தாகும், பத்து நாற்பதாகும்.

அம்மனைப் பற்றிய எண்ணத்துக்கு அவன் அழுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்தி இல்லாதவன் அழமாட்டான். இந்த நோய் ஆளுக்கு எது பெரிதோ அதையே பிடிக்கும். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் ஞாபகத்துக்கு வருகிறார் (அடையாளம் தெரியாமல் மாற்றித்தான் எழுதுகிறேன்). குசினியில் இருந்த கத்தி, அரிவாள் எல்லாவற்றையும் மாமியார் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். காய்கறி வெட்டிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரி வரவேண்டும். பிள்ளையைக் குத்திவிடுவேனோ என்ற எண்ணம். மருத்துவமாது வீட்டுக்கு வந்து விசாரித்தபோதும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். அப்படி நடுங்குகிற தாய் பிள்ளையைக் குத்துவதில்லை. அவருடைய எண்ணமே அவருக்கு அருவருப்பு. இன்னொரு வகை இருக்கிறது: பிள்ளை பெற்ற கொஞ்ச நாளில் நித்திரை இல்லாமல், குரல் கேட்கிறது, பிள்ளைக்குள் பேய் இருக்கிறது என்று நம்பிக் கதைப்பது. அது வேறு, அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இனி வீட்டில் சொல்லும் மூன்று காரணங்களுக்கு வருகிறேன். விசர் என்பதை முதலில் தள்ளிவிடலாம். தம்பிக்குத் தன் பயம் அளவுக்கு மிஞ்சியது என்று பெரும்பாலும் தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை என்பதுதான் அவன் வேதனை.

செய்வினை பற்றி அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். கையில் கட்டிய நூல் யாரையும் கொல்லாது. ஆனால் நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். கழிப்புக் கழித்து நூல் கட்டிவந்த ஒரு பெடியன், பிறகு அந்த நூலில் துடக்குப் படக்கூடாதே என்று கையை நெஞ்சுக்கு மேல் தூக்கியபடி திரிந்தான். நோய்க்குத் தின்ன இன்னொன்று கிடைத்தது, அவ்வளவுதான். அதோடு சாத்திரியாரிடம் போகிற மாதங்களில் கிளினிக் பின்போகும்.

மாமா சொல்வதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இது படித்தவர்களும் விடுகிற பிழை. 2009 க்குப் பிறகு வன்னியில் யாருக்கு என்ன வந்தாலும் ‘சண்டையில பட்டது’ என்று ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். பட்டது உண்மை. ஆனால் போர் வடுவால் திரும்பத் திரும்ப வருவது நடந்த ஒன்றின் ஞாபகம்: ஷெல் சத்தம், அந்த மணம், அந்த முகம். ஓசிடியில் வருவது நடக்காத ஒன்றைப் பற்றிய ‘நடந்திருக்குமோ’. இரண்டும் ஒரே ஆளில் இருக்கலாம். பெரிய மன அழுத்தம் ஓசிடியைக் கிளப்பியும் விடலாம். ஆனால் அதே பங்கருக்குள்தான் நீங்களும் இருந்திருப்பீர்கள், உங்களுக்கு இது வரவில்லை. சண்டையே காணாத நாடுகளிலும் நூறு பேரில் இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது, அநேகமாக 25 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. பரம்பரைக்கும் ஒரு பங்குண்டு. ஆகவே சித்தப்பா முறையில் யாராவது ‘கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்க்கிறவர்’ இருந்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

பயத்துக்கும் ஓசிடிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு எங்கள் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. மீள்குடியேறிய காலத்தில் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்த பக்கம் யாரும் கால் வைக்கவில்லை. ஒற்றையடிப் பாதையை விட்டு விலகவில்லை, விறகுக்கும் போகவில்லை. அது புத்தி. கண்ணிவெடி எடுத்து முடித்துப் பலகையைக் கழற்றினார்கள். கொஞ்ச நாள் தயங்கிவிட்டு மாடு கட்டினோம், கச்சான் போட்டோம். ஓசிடியில் பலகையைக் கழற்ற யாராலும் முடிவதில்லை. கழற்றிய இடத்தில் அவரே இன்னொன்றை நடுவார்.

துடக்கும் அப்படித்தான். துடக்குப் பார்ப்பது சரியா பிழையா என்பது வேறு கதை (எனக்கு அதில் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, இங்கே வேண்டாம்). அம்மம்மாவின் துடக்குக்கு ஒரு கணக்கு இருக்கிறது: இத்தனை நாள், தலை முழுகினால் சரி, முடிந்தது. தம்பியின் துடக்கு முழுகினாலும் முடிவதில்லை. நடந்த மண்ணுக்கு, மண் பட்ட செருப்புக்கு, செருப்புக் கிடந்த விறாந்தைக்கு என்று பரவிக்கொண்டே போகும். அம்மம்மாவையே ஆச்சரியப்படுத்தும் அளவுக்குச் சட்டம் பெருகியிருந்தால் அது வழக்கம் இல்லை, வருத்தம். மடுப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இதே நோய் பாவசங்கீர்த்தனத்தில் வந்து நிற்கும்: சொன்ன பாவத்தைச் சரியாகச் சொன்னேனோ என்று திரும்பத் திரும்பக் குருவானவரிடம் ஓடுவார்கள். முசலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுளூ எடுத்து முடியாது. அவர்களிடம் இதற்கு வஸ்வாஸ் என்று ஒரு சொல்லே இருக்கிறது. சட்டை வேறு, ஆள் ஒன்று.

சரி, வைத்தியம். இரண்டு இருக்கின்றன, இரண்டும் நன்றாகச் சோதிக்கப்பட்டவை.

ஒன்று, பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஆனால் வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்யாமல் இருந்து பழகுவது. 1966 இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இரண்டு நோயாளிகளுக்கு இப்படிச் செய்து பார்த்ததை எழுதினார். அதுவரை இந்த நோய்க்கு ஒன்றும் செய்ய ஏலாது என்றுதான் வைத்தியர்கள் நினைத்திருந்தார்கள். வார்டில் நேர்ஸ்மார் கூடவே நின்று கழுவவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு அவ்வளவு கடுமையாகச் செய்வதில்லை. நோயாளி ஒப்புக்கொண்டு, அவரே வைக்கும் படிகளில் ஏறுவது.

ஒரு பின்னேரத்தைச் சொல்கிறேன். வயலுக்கு மருந்து அடிக்கிற ஒருவர். நஞ்சு கையில் ஒட்டி வந்து பிள்ளைகளைக் கொன்றுவிடும் என்ற பயம். அடித்து நாலு மாதமானாலும் படலையடியில் உடுப்பைக் கழற்றி, மனைவி வாளியில் ஊற்ற ஊற்றக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு போகத்துக்கு எத்தனை சவர்க்காரம் போனது என்று மனைவி கணக்குச் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, அதுவும் நல்லதுதான். கொட்டிலில் தொங்கிய வெறும் மருந்துத் தாங்கியின் தோள்பட்டியை, கழுவிக் காய்ந்த பட்டியை, ஒரு விரலால் தொடுவது அன்றைய படி. தொட்டார். பயம் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். எண்பது. கழுவாமல் மாமரத்துக்குக் கீழே கதிரையில் இருந்தோம். விரலை உடம்பில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார், வேர்த்தது. பத்து நிமிடத்தில் எண்பத்தைந்து. நான் ஆறுதல் சொல்லவில்லை. ‘ஒன்றும் ஆகாது’ என்றும் சொல்லவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் அறுபது என்றார். அந்த நேரம் கடைக்குட்டி ஓடிவந்து மடியில் ஏறியது. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் மாமரத்தைப் பார்த்தேன். முக்கால் மணித்தியாலத்தில் முப்பது. கழுவாமலே பயம் இறங்கும் என்பதை யாரும் வாயால் சொல்லி அவர் நம்பியதில்லை. அன்றைக்கு உடம்பு நம்பியது. அடுத்த நாள் அதே பட்டி, இரண்டு கை. எல்லா நாளும் அப்படி இறங்காது, இறங்காத நாளும் வீண்போவதில்லை. பயத்தோடேயே சோறு தின்னலாம், பிள்ளையைத் தூக்கலாம் என்று படிக்கிறார்.

இதில் நான் விட்ட பிழையையும் எழுதவேண்டும். வேலைக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆறுதல் சொல்வதும் மூச்சுப் பயிற்சியும்தான். தன் தாயை அடித்துவிடுவேனோ என்று பயந்த ஒரு பெடியனுக்கு, கிழமைக்குக் கிழமை “நீ அப்படிச் செய்யிற ஆள் இல்லை” என்று எட்டு மாதம் சொன்னேன். அவன் வரும்போது அழுதுகொண்டு வருவான், போகும்போது சிரித்துக்கொண்டு போவான், எனக்கும் பெருமை. கடைசியில் நாளுக்கு மூன்று தரம் போன் எடுக்கத் தொடங்கினான். நான் வைத்தியம் செய்யவில்லை, அவனுடைய கிணற்றடியாக இருந்திருக்கிறேன்.

அதனால்தான் உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன்: நாற்பது தடவை பதில் சொல்வது அன்பால்தான், ஆனால் நோய் அதைத்தான் தின்கிறது. துடக்கான நாளில் நீங்கள் பின்வாசலால் சுற்றிப் போவது, அவனுக்காகத் தண்ணி மோட்டரை அதிக நேரம் போட்டு விடுவது, அவன் துவாயைத் தனிக்கொடியில் காயப்போடுவது, எல்லாம் சேர்த்துத்தான். ஆனால் இதை வாசித்த கையோடு எல்லாவற்றையும் நிறுத்தினால் வீடு யுத்தகளமாகும். கோபத்தில் மோட்டரை நிறுத்துவது, சவர்க்காரத்தை ஒளிப்பது, ‘சும்மா நடிக்கிறான்’ என்று அப்பா அடிப்பது, எதுவும் வேண்டாம். அவன் நல்லாக இருக்கும் ஒரு நேரம் பார்த்து, கோழிக்குத் தீன் போடும்போதோ எப்போதோ, இருந்து கதையுங்கள். “தம்பி, கேட்கிறது நீ இல்லை, ஓசிடி. நான் பதில் சொல்லச் சொல்ல அதுக்குப் பசி கூடுது. நாளைக்கு எத்தனை தரம் பதில் சொல்லட்டும், நீயே சொல்லு.” இருபது என்பான். இருபதே சரி. முடிந்தபிறகு கேட்டால், “இது இருபத்தோராவது. உனக்குக் கஷ்டம் என்று தெரியுது, நான் பக்கத்தில இருக்கிறன்” என்று மட்டும். அடுத்த கிழமை பதினைந்து. முதல் சில நாள் கேட்பது கூடும், சத்தம் போடுவான். அப்போது அம்மா இரக்கப்பட்டு ஒரு தடவை பதில் சொல்லிவிட்டால், சத்தம் போட்டால் கிடைக்கும் என்று நோய் படித்துக்கொள்ளும். ஆகவே வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்கவேண்டும், மாமாவும்தான். ஐயரிடம் ஒரு தரம் சந்தேகம் கேட்பதில் பிழை இல்லை. அதே சந்தேகத்தை இரண்டாம் தரம் கேட்கப் போனால் அதுவும் அந்த இருபதுக்குள் சேர்த்தி.

இரண்டாவது, மருந்து. ஃபுளுவொக்செற்றின், செற்றலின், ஃபுளுவொக்சமின் போன்றவை மனச்சோர்வுக்கும் கொடுப்பவை. ஓசிடிக்கு அநேகமாக அதைவிடக் கூடிய அளவு தேவைப்படும், வேலை செய்யவும் அதிக நாள் எடுக்கும். 8 இல் இருந்து 12 கிழமை. எங்கள் ஆட்கள் இரண்டாம் கிழமையில் ‘ஒரு மாற்றமும் இல்லை, வயித்தைப் பிரட்டுது’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிரட்டல், தலையிடி, ஒரு பதற்றம், முதல் கிழமைகளில் வருவதுதான், அநேகமாகக் குறைந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடக்கத்தில் சாவு பற்றிய கதையோ வழமையில்லாத கொதிப்போ வந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் கொண்டுபோங்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே நல்ல மாற்றம் தெரியும். மற்றவர்களுக்கு வேறொன்று மாற்றிப் பார்ப்பார்கள், சிலருக்குப் பழைய மருந்தான குளோமிப்பிரமின், சிலருக்குக் கூடவே இன்னொரு குளிசை.

சாகும்வரையா என்று கேட்டீர்கள். சுகம் வந்தபிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடரச் சொல்வார்கள், அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைத்துப் பார்ப்பார்கள். சிலருக்குத் திரும்பி வரும், அவர்கள் நீண்ட காலம் எடுக்க வேண்டியிருக்கும். பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் மருந்தை விட்டபிறகு தாக்குப்பிடிப்பது அதிகம். இந்தக் குளிசைகள் போதை தருபவை அல்ல, ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல் வரும். பொங்கலுக்கு விரதம் என்று இடையில் விடவேண்டாம். நித்திரைக்கென்று பாமசியில் யாராவது டயசிப்பாம் தந்தால் வாங்காதீர்கள். அது பழக்கமாகிவிடும், ஓசிடிக்கு மருந்தும் அல்ல.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. மல்லாவியில் இருந்து பஸ் எடுத்துப் போய்வர ஒரு நாள் போகும், அதற்குத் தயாராகப் போங்கள். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி டொக்டரிடம் காட்டித் துண்டு வாங்கியும் போகலாம். போனில் கதைக்கவேண்டும் என்றால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். தம்பி வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது முதலில் போய்க் கதையுங்கள்.

அங்கே பத்துக் கேள்வி கொண்ட ஒரு அளவுகோலை வைத்து, 40 க்கு எத்தனை என்று பார்ப்பார்கள். தம்பி வெட்கத்தில் குறைத்துத்தான் சொல்லுவான், அம்மனைப் பற்றியதைச் சொல்லவே மாட்டான். அதனால் ஒரு சி.ஆர். கொப்பியில் ஒரு கிழமைக்கு எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்குக் கிணற்றடிக்குப் போனான், எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை தரம் கேட்டான், எத்தனை தரம் பதில் சொன்னீர்கள். கடைசிக் கணக்கு உங்களுடையது. அதையும் குறைக்காமல் எழுதுங்கள்.